‘படைப்பு அறிவியல்’ வகுப்பெடுக்க வரும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

வணக்கம். பள்ளிகளுக்கு வந்து நீங்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். “பரிணாமமும் ஒரு கோட்பாடுதான், படைப்பும் ஒரு கோட்பாடுதான். இரண்டையும் பிள்ளைகள் முன் வையுங்கள், அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்” என்பது உங்கள் கோரிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கும் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது பற்றிய கடிதம் இல்லை இது. உலகத்தைக் கடவுள் படைத்தார் என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. என் வீட்டிலேயே நம்புகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நீங்கள் நீதிபோதனை வகுப்பைக் கேட்கவில்லை, அறிவியல் பீரியடைக் கேட்கிறீர்கள். அறிவியல் என்ற பெயர் வேண்டும் என்றால் அந்தப் பெயருக்கு உண்டான சோதனைக்கும் உட்பட வேண்டும். பேச்சு அதைப் பற்றித்தான்.

உங்கள் கோரிக்கை புதிதில்லை. 1981இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் இதையே சட்டமாக்கியது. பரிணாமம் சொல்லித்தரும் பள்ளியில் ‘படைப்பு அறிவியலு’க்கும் சம இடம் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். படைப்பு அறிவியல் என்றால் என்ன என்பதையும் அதிலேயே எழுதிவைத்தார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் திடீரென்று படைக்கப்பட்டது. மனிதனுக்கும் குரங்குக்கும் பொதுவான மூதாதை இல்லை. உலகம் முழுதும் மூழ்கிய வெள்ளம் ஒன்று வந்தது. பூமி தோன்றி அதிக காலம் ஆகவில்லை. பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? நாத்திகர் சங்கம் இல்லை. முதல் மனுதாரர் வில்லியம் மக்லீன் ஒரு மெதடிஸ்ட் போதகர். அவரோடு கத்தோலிக்க, எபிஸ்கோப்பல், மெதடிஸ்ட் ஆயர்களும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளியில் அரசாங்கம் போதிக்கும் வேதாகமம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள் அவர்கள். மதத்துக்கும் அறிவியலுக்கும் நடக்கும் யுத்தம் என்று நீங்கள் மேடையில் வர்ணிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனுதாரர் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

விசாரணையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. படைப்பு அறிவியலுக்கு ஆதரவாக அரசுத் தரப்பு கூட்டிவந்த சாட்சிகளில் ஒருவர், இலங்கையில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க. உயிர் வால்மீன்கள் வழியாகப் பூமிக்கு வந்தது என்பது அவர் கருத்து. டார்வினோடு அவருக்கு ஒத்துப்போகாது. சரி, நம் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். குறுக்கு விசாரணையில், பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு என்று பகுத்தறிவுள்ள எந்த விஞ்ஞானியாவது நம்ப முடியுமா என்று கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டார். இவரை எதற்காகக் கூட்டிவந்தார்கள் என்றே புரியவில்லை என்று நீதிபதி வில்லியம் ஓவர்டன் தீர்ப்பில் எழுதினார். பரிணாமத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது படைப்புக்குச் சாட்சியாகிவிடாது. உங்கள் வகுப்புகளில் பாதி நேரம் இந்த ஓட்டை எண்ணும் வேலையிலேயே போகிறது.

1982 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பு, அறிவியலுக்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னது: இயற்கை விதிகளின் வழியில் நடப்பது, அவற்றைக் கொண்டே விளக்குவது, உலகத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடிவது, முடிவுகள் மாறக்கூடியவையாக இருப்பது, பொய் என்று நிரூபிக்க வாய்ப்பிருப்பது. படைப்பு அறிவியல் இவற்றில் எதிலும் தேறவில்லை, ஆகவே அது அறிவியல் இல்லை என்று சட்டத்தை ரத்து செய்தார் ஓவர்டன்.

என் சக ஆசிரியர்கள் பலர் இங்கேயே கைதட்டி எழுந்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதியில் முழுத் திருப்தி இல்லை. அப்போதே லாரி லாடன் என்ற தத்துவ அறிஞர் ஒரு மறுப்பு எழுதினார். அவரும் படைப்புவாதி இல்லை. அவர் கேட்டதன் சாரம் இதுதான்: பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான், உலகெங்கும் ஒரே வெள்ளம் என்பதெல்லாம் சோதிக்க முடியாத கூற்றுகளா என்ன? தாராளமாகச் சோதிக்கலாம். சோதித்தும் ஆயிற்று, பொய் என்று தெரிந்தும் ஆயிற்று. அப்படியிருக்க, இதைச் சோதிக்கவே முடியாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

லாடன் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அது உங்களுக்கும் ஒரு மரியாதை. நீங்கள் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, சோதிக்கக்கூடியது, அது தோற்றுவிட்டது. இன்னொன்று, தோற்க வழியே இல்லாமல் கட்டப்பட்டது. அது பரீட்சை எழுதவே வரவில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் வகைக்கு ஆர்கன்சா வரை போக வேண்டாம், அரியலூர் போதும். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதி. அந்தக் கல்லில் சில அடுக்குகள் முழுக்கச் சிப்பிதான். கிரைஃபியா என்ற வகை, கை நிறையும் அளவுக்குக் கனமான ஓடு. சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். இல்லை, ஜலப்பிரளயம் ஒரே வருடத்தில் வாரிக் கொட்டியதுதான் இது என்கிறீர்கள் நீங்கள்.

சரி, ஒரு சிப்பி ஓட்டை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். பல ஓடுகளில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். கடற்பஞ்சும் வேறு சில உயிர்களும் குடைந்த துளைகள் அவை. சில ஓடுகள் மேல் வேறு குட்டிச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருக்கும், புழுக்கள் கட்டிய சுண்ணாம்புக் குழாய்கள் நெளிந்து போகும். ஓட்டின் உள்பக்கத்திலும் இவை இருந்தால் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். உயிரோடிருக்கும் சிப்பியின் உள்பக்கத்தில் யாரும் குடியேற முடியாது. அந்தச் சிப்பி பிறந்து, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, செத்து, சதை அழுகி, ஓடு திறந்து, கடல்தரையில் கிடந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு உயிரின் குஞ்சு அதன்மேல் வந்து அமர்ந்து, அதுவும் தன் காலத்தை வாழ்ந்து முடித்திருக்க வேண்டும். மலைகளை மூழ்கடித்துச் சுழன்றடிக்கும் வெள்ளத்தின் நடுவில் இதெல்லாம் எப்போது நடந்தது? இது ஒரு அடுக்கு மட்டும்தான். இதன் கீழே உத்தத்தூர், காரை பக்கம் வெளிப்படும் பழைய களிமண் படிவுகள் இருக்கின்றன. அவற்றில் வேறு வகை அம்மோனைட்டுகள், பெலம்னைட்டுகள்; இரண்டும் இன்று அற்றுப்போன கடலுயிர்கள். அடுக்குக்கு அடுக்கு ஆட்கள் மாறுகிறார்கள், வரிசை கலைவதில்லை. பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா என்ற புவியியல் ஆய்வாளர்கள் 1860களிலேயே இந்தப் பகுதியை வரைபடமாக்கி, உயிர்களை வகைப்படுத்தி எழுதிவிட்டார்கள்.

பாறைக்குச் சொல்லும் வயதை நம்ப முடியாது, கதிரியக்கச் சிதைவை வைத்து வயதைக் கணக்கிடும் முறையே தப்பு என்பது அடுத்து நீங்கள் சொல்வது. உங்கள் தரப்பினரே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் படைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் படைப்பு ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து 1997 முதல் 2005 வரை ‘ரேட்’ என்று ஒரு திட்டம் நடத்தின. பாறைகளின் கதிரியக்கச் சிதைவை அளந்தார்கள். இன்றைய வேகத்தில் கணக்கிட்டால் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட சிதைவு நடந்திருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பூமிக்கு வயது சில ஆயிரம்தான் என்று முன்னரே முடிவாகிவிட்டதால், படைப்பு வாரத்திலும் பிரளயத்தின்போதும் சிதைவு பல மடங்கு வேகமாக நடந்திருக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவு சிதைவும் அவ்வளவு குறுகிய காலத்தில் நடந்தால் வரும் வெப்பத்தில் பூமியே உருகியிருக்கும். அதையும் அவர்கள் மறைக்கவில்லை, இது இன்னும் தீராத சிக்கல் என்று எழுதினார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இதன் அர்த்தம் என்ன? சோதனை நடந்தது, விடை வந்தது, விடை பிடிக்காததால் ஓர் அற்புதத்தை நடுவில் நுழைத்தார்கள். பிள்ளைகளிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லும்போது வெப்பத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை கொஞ்சம் சாமர்த்தியமானது. 1987இல் லூயிசியானா வழக்கில், படைப்பு அறிவியலைப் பள்ளியில் கட்டாயமாக்குவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பின் கடைக்குப் பெயர்ப்பலகை மாறியது. கடவுள், வேதாகமம், பிரளயம் எல்லாம் உள்ளே போய், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயர் வெளியே வந்தது. பூமிக்கு என்ன வயது என்று கேட்டால் பதில் இல்லை. வடிவமைத்தவர் யார், எப்போது, எப்படி என்று கேட்டாலும் பதில் இல்லை. செல்லுக்குள் இருக்கும் சில அமைப்புகள் தானாக உருவாக முடியாத அளவுக்குச் சிக்கலானவை, ஆகவே யாரோ வடிவமைத்திருக்கிறார்கள் என்பதோடு சரி.

பென்சில்வேனியாவின் டோவர் என்ற ஊரில் பள்ளி வாரியம் 2004இல் இதைக் கையில் எடுத்தது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில், வடிவமைப்பை மாற்று விளக்கமாகச் சொல்லும் ஓர் அறிக்கையை வாசிக்கச் சொன்னார்கள். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள் (அந்த ஆசிரியர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்), நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசிக்கவேண்டியதாயிற்று. பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வாரியத்தின் முக்கிய சாட்சி லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தந்த விளக்கம் மிகத் தாராளமானது. அந்த விளக்கப்படி ஜோதிடமும் அறிவியல் கோட்பாடுதானா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். ஆமாம் என்றார் பீஹி. கிரகபலன் பார்த்துப் பெண் எடுக்கும் நம் ஊரில் சிலருக்கு இது இனிப்பாக இருக்கலாம். ஆனால் ஜோதிடத்தையும் உள்ளே விட்டால்தான் வடிவமைப்புக்கும் இடம் கிடைக்கும் என்றால், கதவை எவ்வளவு அகலமாகத் திறக்கச் சொல்கிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நோய் எதிர்ப்பு அமைப்பு எப்படி உருவானது என்பதற்கு அறிவியலிடம் விடை இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் அதைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்பது புத்தகங்களையும் அவர் முன்னால் அடுக்கினார்கள். இவை போதாது என்றார். எவ்வளவு இருந்தால் போதும்? அதுதான் தெரியவில்லை. வடிவமைப்புத் தரப்பிலிருந்து அதே எதிர்ப்பு அமைப்பு பற்றி ஓர் ஆய்வாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது படைப்புவாதத்தின் மறுவடிவம், அறிவியல் இல்லை என்று எழுதினார். ஜோன்ஸ் இடதுசாரி ஒன்றும் இல்லை, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் நியமித்தவர்.

இதற்கு எதிர்ப்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினும் அவர் கூட்டாளிகளும் மீனுக்கும் நாலுகால் உயிருக்கும் இடைப்பட்ட ஒன்றைத் தேடினார்கள். கண்ட இடத்தில் தோண்டவில்லை. நாலுகால் உயிர்களின் எலும்புகள் சுமார் 36.5 கோடி ஆண்டுப் பாறையில் கிடைத்திருக்கின்றன, அதற்கு இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையில் மீன்தான் இருக்கிறது. ஆகவே நடுவில் 37.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள, ஆற்றுப்படுகையில் உண்டான பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்தார்கள். கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவு. பனிப் பிரதேசத்தில் பல கோடைகள் வீணாகப் போயின. 2004இல் டிக்டாலிக் என்று பெயரிடப்பட்ட உயிரின் புதைபடிவம் கிடைத்தது. செதிலும் செவுளும் துடுப்பும் மீனுடையவை. தட்டையான தலை, திரும்பும் கழுத்து, துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்புகள்: இவை மீனுடையவை அல்ல. எந்த வயதுப் பாறையில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்த் தோண்டினார்கள். தோற்றிருக்கலாம்.

உங்களில் விவரம் தெரிந்தவர் உடனே போலந்தைச் சொல்வார். ஆமாம், 2010இல் போலந்தின் ஒரு கல்குவாரியில் டிக்டாலிக்குக்கும் முந்தைய நாலுகால் தடங்கள் என்று சொல்லப்பட்டவை வெளியாகின. அப்படியானால் டிக்டாலிக் நேரடி மூதாதையாக இருக்க முடியாது, அந்த மாற்றம் நாம் நினைத்ததைவிட முன்பே நடந்திருக்க வேண்டும். தடங்கள் உண்மையில் யாருடையவை என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இதைக் கண்டுபிடித்ததும் தொல்லுயிரியலாளர்கள், பிரசுரித்ததும் அறிவியல் இதழ். கணக்கில் இடித்தாலும் யாரும் மறைக்கவில்லை, அற்புதத்தையும் கூப்பிடவில்லை.

பில்ட்டவுன் மனிதன் மோசடியை நீங்கள் தவறாமல் சொல்வீர்கள் என்பதால் அதற்கும் ஒரு வரி. குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டது என்று 1912இல் இங்கிலாந்தில் வந்த அந்தப் போலி மண்டையோட்டை 1953இல் ஃப்ளோரின் சோதனை செய்து அம்பலப்படுத்தியவர்களும் விஞ்ஞானிகள்தான். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020இல் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பெல்லாம் அமளிப்பட்டதே, நினைவிருக்கிறதா? முட்டை இல்லை, கடல் படிவத்தில் உருண்டு திரண்ட கற்கள் என்று புவியியலாளர்கள் வந்து சொன்னார்கள். டைனோசர் முட்டை என்றால் ஊருக்குப் பெருமைதான். இருந்தும் இல்லை என்றார்கள்.

இப்போது நான் கேட்க வருவதற்கு வருகிறேன். 2014இல் கெண்டக்கியில் படைப்பு அருங்காட்சியகம் நடத்தும் கென் ஹாமும் அறிவியல் பரப்புரையாளர் பில் நையும் மேடையில் விவாதித்தார்கள். உங்கள் மனதை எது மாற்றும் என்று இருவரிடமும் கேட்டார்கள். ஆதாரம், ஒரே ஒரு ஆதாரம் போதும் என்றார் நை. நான் கிறிஸ்தவன், வேதாகமம் கடவுளின் வார்த்தை, அதை யாரும் எனக்கு மாற்ற முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார் ஹாம். அவருடைய அமைப்பின் விசுவாச அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. எந்தத் துறையின் எந்த ஆதாரமும் வேதாகமப் பதிவுக்கு முரணாக இருந்தால் செல்லாதாம். விசுவாசிக்கு இது அழகு. இதைப் பழிக்க மாட்டேன். ஆனால் விடை என்ன வந்தாலும் மதிப்பெண் மாறாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறவரைப் பரீட்சை ஹாலில் எப்படி உட்கார வைப்பது?

கிறிஸ்தவ அன்பர்களை மட்டும் பிடித்துக்கொண்டேன் என்று யாரும் மகிழ வேண்டாம். 2018இல் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அடுத்த ஆண்டு ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், டார்வினைவிடத் தசாவதாரம் மேலான கோட்பாடு என்று பேசினார் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மச்சம், கூர்மம், வராகம் என்ற வரிசை அழகானதுதான். ஆனால் அதை வைத்து எந்த ஊரில் எந்தப் பாறையைத் தோண்டச் சொல்வார்? 2017இல் துருக்கி தன் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தது. இங்கே மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., சுமையைக் குறைக்கிறோம் என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடத்தை வெறும் ‘மரபு’ ஆக்கியது; 2023இல் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்பது சமாதானம். உயிரியல் எடுக்காத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் ஏது? தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதை நடத்துகிற வாய்ப்பு எனக்கு இருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதமே.

ஆகவே, அன்பர்களே, ‘இரண்டு பக்கத்தையும்’ சொல்லித்தரச் சொல்லும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். எது கிடைத்தால் படைப்புக் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். என் தாளையும் தருகிறேன். உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், கடைசியில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் காலமானாரே, அவரிடம் பரிணாமத்தை எது பொய்யாக்கும் என்று கேட்டபோது, கேம்பிரியன் காலத்துக்கு, அதாவது சுமார் 54 கோடி ஆண்டுக்கு, முந்தைய பாறையில் ஒரு முயல் என்றாராம். என் தாளில் இன்னும் கிட்டத்தில் இருப்பதை எழுதியிருக்கிறேன்: கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில், கலையாத அடுக்கில், ஒரு பசுவின் தாடையோ யானையின் பல்லோ கிடைத்தால் நான் நடத்தும் பாடத்தில் பெரிய தவறு இருக்கிறது என்று பிள்ளைகள் முன்னிலையில் சொல்வேன். அங்கே ஆண்டு முழுக்கக் கல் வெட்டுகிறார்கள், டன் கணக்கில். தேடும் வேலையை ஆலைகளே உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கின்றன.

சுரங்கத்துக்குள் போவதற்கு அனுமதி வாங்க வேண்டும். அது கஷ்டம் என்றால் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அரியலூரிலிருந்து பக்கம்தான். என் மாணவர்களும் வருவார்கள். நீங்களும் வாருங்கள், பேச வேண்டியதைப் பேசுங்கள், அவர்கள் கேட்பதற்குப் பதிலும் சொல்லுங்கள். தாளை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு உயிரியல் ஆசிரியர் ஒருவர்